பந்தி நேரத்துக்குப் புதிய பின்னணி இசையை எங்கே தேடுவது?

கேள்வி, 22.12.2024

தேவகோட்டைப் பக்கம் மூன்று ஆண்டுகளாக டிஜே வேலை பார்க்கிறேன். வரவேற்புக்கும் ஆட்டத்துக்கும் பாட்டு எடுப்பதில் எனக்குச் சிரமமில்லை. பந்தி நடக்கும் நேரத்துக்குத்தான் திணறுகிறேன். புல்லாங்குழலில் வாசித்த அதே 40 திரைப்பாடல்களை எல்லா மண்டபங்களிலும் போட்டுக்கொண்டிருக்கிறேன். போன ஆவணியில் ஒரு பெரியவர், "போன கல்யாணத்திலும் இதையேதானப்பா போட்டாய்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். தை பிறந்தால் அடுத்தடுத்து வேலை இருக்கிறது. புதிதாக எங்கே தேடுவது?

23.12.2024, இரவு 10.40

மார்கழியில் கேட்டீர்கள், நல்லதாயிற்று. தை முதல் முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் கேட்டிருந்தால், என் பென் டிரைவை நகலெடுத்துக் கொடுப்பதற்கு மேல் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. காரைக்குடியில் என் சிற்றப்பாவின் மைக் செட்டில் ஒயர் சுற்றத் தொடங்கியவன் நான். இப்போது சொந்தமாக ஒலியமைப்பும் டிஜே வேலையும் பார்க்கிறேன், 20 ஆண்டுகள் ஆகின்றன.

அந்தப் பெரியவர் சொன்னதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். பாட்டு பழையது என்று அவர் சொல்லவில்லை. போன கல்யாணத்தில் கேட்டதாகச் சொல்கிறார். நம் பகுதிக் கல்யாணங்களுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே உறவு வட்டம். நகரத்தாரில் பிள்ளையார்பட்டிக் கோவில் பிரிவைச் சேர்ந்த வீட்டுக் கல்யாணத்தில் இலையில் உட்கார்ந்தவர், பெண் கொடுத்த வகையிலோ எடுத்த வகையிலோ இளையாத்தங்குடிக் கோவில் பிரிவு வீட்டுக் கல்யாணத்திலும் உட்காருவார். நமக்கு அது வேறு வீடு, வேறு மண்டபம், வேறு தேதி. அவர் காதுக்கு அது ஒரே தொடர் விருந்து. ஆகவே முதலில் வேண்டியது புதுப் பாட்டு அன்று, ஒரு நோட்டுப் புத்தகம். எந்தத் தேதியில், எந்த ஊரில், எந்த வீட்டு வகையினருக்கு, எத்தனையாவது பந்தியில் எதைப் போட்டோம் என்று எழுதி வையுங்கள். நான் 11 ஆண்டுகளாக எழுதுகிறேன். ஒரு வட்டத்தில் ஒரு முறை ஒலித்ததை அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு அந்த வட்டத்தில் ஒலிக்க விடுவதில்லை. இந்த ஒரு பழக்கத்தாலேயே என்னிடமிருந்த பழைய இசையில் பாதி மறுபடியும் புதிதாயிற்று.

24.12.2024, காலை

நேற்று எழுதாமல் விட்டது: புல்லாங்குழல் திரைப்பாடல்களை முதலில் நிறுத்துங்கள். வாத்தியத்தில் வாசித்தாலும் திரைப்பாடலுக்கு வரி உண்டு. அந்த வரி சாப்பிடுகிறவர் மனத்தில் தானாக ஓடும். பக்கத்து இலைக்காரர் ஏதோ கேட்க, இவர் சரணத்தின் இரண்டாவது அடியைத் தேடிக்கொண்டிருப்பார். இன்னொரு காரணமும் இருக்கிறது. புல்லாங்குழலின் மேல்ஸ்தாயியும், எவர்சில்வர் வாளியில் கரண்டி படும் ஓசையும் காதுக்கு ஏறக்குறைய ஒரே கூர்மையில் வந்து விழுகின்றன. 200 பேர் சாப்பிடும் கூடத்தில் இரண்டும் சேர்ந்தால் வரும் எரிச்சலை உண்பவர் பெயர் சொல்லிக் குறிக்க மாட்டார். "ஒரே சத்தமாக இருந்தது" என்று மட்டும் வீட்டுக்குப் போய்ச் சொல்வார்.

பாடகர் குரல் பந்தியில் வேண்டவே வேண்டாம். குரல் கேட்டால் காது அங்கே போய்விடும்.

27.12.2024

வாத்தியங்களைப் பற்றி விரிவாக எழுதச் சொல்லி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். என் தேர்வுகளை, காரணத்தோடு எழுதுகிறேன்.

பந்திக்கு என் முதல் தேர்வு வீணை. மீட்டியதும் எழுந்து, தானே தணிந்து, அடுத்த மீட்டுக்கு இடம்விடும் ஓசை அது. அந்த இடைவெளியில் பேச்சு நுழைந்துகொள்ளும். நாம் வாழும் ஊரே வீணையில் ஒரு பாணிக்குப் பெயர் கொடுத்த ஊர். காரைக்குடி சகோதரர்களில் மூத்தவர் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசித்தவர். இளையவர் சாம்பசிவ ஐயர் (1888–1958) 1952-இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவர், கலாக்ஷேத்திரத்தில் பாடம் சொன்னவர். அவருடைய பழைய பதிவுகளில் இரைச்சல் மிகுதி. பந்தியில் போட உதவாது. ஆனால் நீங்கள் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். ஒரு மீட்டு எவ்வளவு நேரம் காதில் நிற்கிறது என்பது அதில் தெரியும். பிறகு எந்தப் பதிவு பந்திக்கு ஆகும், எது ஆகாது என்று உங்கள் காதே சொல்லிவிடும். அவருடைய மாணவி ரங்கநாயகி ராஜகோபாலனின் வாசிப்பையும் சேர்த்துக் கேளுங்கள்.

இரண்டாவது கிளாரினெட். கர்நாடக இசையில் அதற்கு ஓர் இடம் வாங்கித் தந்தவர் ஏ.கே.சி. நடராஜன். நாகசுரத்தின் குடும்பச் சாயல் இருக்கும், அதன் வீறு இருக்காது. நான்கு சுவருக்குள் மெல்ல ஒலிக்க விடலாம். நம் பகுதி மண்டபங்களில் வேறு யாரும் போட்டு நான் கேட்டதில்லை என்பதால், புதிது தேடுகிறவருக்கு இதையே முதலில் சொல்வேன். கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோன் நல்லதுதான். எல்லா இடத்திலும் ஒலித்து ஒலித்து விருந்துக்கே உரிய ஓசையாகிவிட்டது, அதனால் ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேல் நான் எடுப்பதில்லை.

குன்னக்குடி வைத்தியநாதனைப் போடலாமா என்று ஒருவர் கேட்டார். பக்கத்து ஊர்க்காரர், அவர் வயலின் என்றால் எனக்கு உயிர். ஆனால் அந்த வயலின் கேட்பவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். சோற்றைப் பிசைந்த கை தொடையில் தாளம் போடப் போய்விடும். முகப்பில் வரவேற்று உட்கார வைக்கும் நேரத்துக்கு வையுங்கள். அங்கே அது வீட்டையே நிமிர்த்திவிடும்.

பதிவு செய்த நாகசுரம் பந்திக்குக் கூடவே கூடாது. காலையில் முகூர்த்தத்துக்கு வாசித்த மேளக்காரர்கள் அதே பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் காதில் வேறொருவர் நாகசுரத்தை ஒலிபெருக்கியில் விடுவது மரியாதை அன்று.

ஷெனாய் பற்றியும் சொல்ல வேண்டும். வடநாட்டில் அது கல்யாண வாத்தியம். நம் ஊரில் 50 வயது தாண்டியவர்களுக்கு அது வேறு. 1984-லும் 1991-லும் தலைவர்கள் மறைந்த நாட்களில் வானொலியும் தொலைக்காட்சியும் நாள் முழுக்க ஒலித்த சோக இசை அவர்கள் காதில் இன்னும் இருக்கிறது. எவ்வளவு மங்கலமான ராகமானாலும் ஷெனாய் கேட்டதும் அவர்கள் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். வடநாட்டு இசை வேண்டுமென்றால் சந்தூர் என்ற தந்தி வாத்தியத்தை எடுங்கள், சிவகுமார் சர்மா வாசித்தது. தண்ணீர்த் துளி போல விழும். யாருக்கும் எந்தத் துக்கமும் நினைவுக்கு வராது.

27.12.2024, இரவு

ராகத்தைப் பற்றி எழுதவில்லையே என்று படுக்கப் போகும்போது நினைவு வந்தது. எனக்கு நடந்ததையே எழுதுகிறேன்.

பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டில் பெண் அழைத்த அன்று இரவுப் பலகாரப் பந்தி. வீணைத் தொகுப்பு ஒன்றைப் புதிதாக வாங்கி, முழுவதும் கேட்காமல், பெயர்களை மட்டும் பார்த்து வைத்திருந்தேன். நான்காவது உருப்படி தொடங்கி ஒரு நிமிடம் இருக்கும். வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்த ஐயா ஒருவர், 80 வயது இருக்கும், பணியாரத்தைப் பிட்ட கையை அப்படியே இலை மேல் நிறுத்திவிட்டார். பரிமாறியவர் பதறி என்ன வேண்டும் என்று கேட்க, அவர் என்னைக் காட்டிக் கூப்பிட்டார். அருகில் போனதும் தாழ்ந்த குரலில், "தம்பி, இது ஆகிரி. ஆகிரி பாடினால் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்பார்கள். விருந்தில் இதைப் போடலாமா?" என்றார்.

நம்பிக்கைதானே என்று விட்டுவிடலாம். என்னால் விட முடியவில்லை. அந்த வீடு நாள் கணக்கில் ஆள் வைத்துச் சமைத்து இலை போட்டிருக்கிறது. சோறு கிடைக்காது என்ற எண்ணம் ஒருவர் மனத்தில் எழுவதற்கு நான் காரணமாகியிருக்கிறேன். ஒலியை மெல்லத் தாழ்த்தி அடுத்ததற்கு மாற்றினேன். அவர் தலையசைத்த பிறகுதான் கை இலைக்குப் போயிற்று.

அதிலிருந்து ராகம் தெரியாத எதையும் பந்திக்கு எடுத்துப் போவதில்லை. காரைக்குடியிலேயே பாட்டுச் சொல்லித் தரும் ஓர் அம்மாவிடம் மார்கழிதோறும் போய் உட்கார்ந்து, புதிதாக வாங்கியவற்றின் ராகங்களைக் கேட்டு எழுதிக்கொள்கிறேன். கோப்பின் பெயரிலேயே ராகத்தையும் சேர்த்துவிடுகிறேன். மோகனம், அம்சத்வனி, கமாஸ், பெகாக், கல்யாணி ஆகியவை பந்திக்கு எப்போதும் பொருந்துகின்றன. நீலாம்பரி தாலாட்டுக்கு உரியது, பந்தியில் வேண்டாம். கச்சேரியை முடிக்கும் ராகமான மத்தியமாவதியை முதல் பந்தியில் போட்டால் விஷயம் தெரிந்தவர்கள் கச்சேரி முடிந்துவிட்டதாக நினைப்பார்கள். விருந்தினரின் கடைசிப் பந்தி முடியும்போது போடுங்கள். ஆனந்தபைரவியும் குறிஞ்சியும் ஊஞ்சலுக்கும் நலங்குக்கும் ஒலிப்பவை. இலையில் இருக்கும் ஆச்சிமார் ஒருவருக்கொருவர் புன்னகைத்துக் கொள்வதைப் பார்க்கலாம்.

30.12.2024

"இளைஞர்களுக்கு இதெல்லாம் பிடிக்குமா?" என்ற கேள்விக்குச் சுருக்கமாக: பந்தியில் அவர்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டோ பேசிக்கொண்டோ சாப்பிடுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது வரவேற்பில் கிடைத்துவிடுகிறது. பந்தியில் இசையைக் கேட்கிறவர் பெரியவர்தான்.

02.01.2025

இன்று கேட்டிருப்பது அளவு பற்றி. எத்தனை டெசிபல் என்று எண் கேட்கிறீர்கள். இருவர் சாதாரணமாகப் பேசுவது ஏறக்குறைய 60 டெசிபல். பந்தி இசை, உட்கார்ந்திருப்பவர் காதில் அதற்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். ஆனால் மீட்டரை விட எனக்குப் பரிமாறுபவரிடம் நம்பிக்கை அதிகம். மோர்க்குழம்பு வாளியோடு வருகிறவர் குனியாமல் "ஊற்றவா?" என்று கேட்க, இலையில் இருப்பவர் நிமிராமல் "போதும்" என்று சொல்ல, அது அவருக்குக் கேட்க வேண்டும். அவர் குனிந்து காதைக் கொடுத்தால் என் ஒலி அதிகம். ஒவ்வொரு பந்தியிலும் சாம்பார் வரும்போது ஒரு முறை, பாயசம் வரும்போது ஒரு முறை வரிசையின் நடுவில் போய் நின்று பார்க்கிறேன்.

கூட்டம் கூடக்கூட ஒலியை ஏற்றாதீர்கள். சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதர் தம்மையறியாமல் குரலை உயர்த்துவார். நீங்கள் ஏற்ற, அவர்கள் ஏற்ற, அரை மணி நேரத்தில் எல்லோரும் கத்திக்கொண்டிருப்பார்கள். இறக்கிப் பாருங்கள், சில நிமிடங்களில் கூடமும் தணியும்.

நம் ஊர்ப் பெரிய வீடுகளில் இது இன்னும் கடினம். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, முட்டை வெள்ளைக்கரு கலந்து கண்ணாடி போல இழைத்த சுண்ணாம்புச் சுவர், உயரமான கூரை, தேக்குத் தூண். துணி என்று சொல்ல அங்கே ஜமக்காளம்கூட இருக்காது. ஓசையைக் குடிக்கிற பொருள் எதுவும் இல்லாததால் ஒரு கைதட்டு சுவருக்குச் சுவர் போய்த் திரும்பிக்கொண்டே இருக்கும். கானாடுகாத்தானில் ஒரு வீட்டின் உண்ணும் கூடத்தில் நடுவில் நின்று தட்டினேன். ஓசை முழுதும் அடங்க, மனத்துக்குள் இரண்டு எண்ணி முடிக்க வேண்டியிருந்தது. அந்த இடத்தில் விரைவான ஸ்வரங்கள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து கூழாகிவிடும். நின்று நிதானமாக வாசித்தவற்றையே அங்கே போட வேண்டும். ஆள் வந்து உட்கார்ந்த பிறகு உடலும் பட்டும் கொஞ்சம் குடித்துக்கொள்ளும். ஆகவே வெறும் கூடத்தில் சரிபார்த்த அளவை இறுதியாக நினைக்காதீர்கள்.

ஒலிபெருக்கி இரண்டு பெரியதை ஒரு முனையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். திறந்த வெளியில் தூரம் இருமடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். சுவருக்குள் அவ்வளவு குறையாது. குறைவதற்குப் பதில் தெளிவு போகும். முதல் இலைக்காரர் காதை மூடுவார், கடைசி இலைக்காரருக்கு எதிரொலி மட்டும் கேட்கும். தூணுக்கு ஒன்றாகச் சிறிய பெட்டிகள் ஆறு, எல்லாம் தாழ்ந்த ஒலியில், அதுதான் சரி.

முக்கியமானது இது: ஸ்டீரியோவில் விடாதீர்கள். பழைய பதிவுகள் பலவற்றில் வீணை ஒரு பக்கம், மிருதங்கம் மறுபக்கம் பிரிந்திருக்கும். நீளமான கூடத்தில் அப்படியே விட்டால், ஒரு முனையில் இருப்பவர் முழுப் பந்தியும் மிருதங்கம் மட்டும் கேட்டுச் சாப்பிடுவார். மிக்சரில் இரண்டையும் சேர்த்து மோனோவாக எல்லாப் பெட்டிக்கும் அனுப்புங்கள்.

05.01.2025

மேலே மோனோ பற்றி எழுதியதில் ஒரு திருத்தம். எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிட முடியாது. புதிய பதிவுகள் சிலவற்றில், குறிப்பாகக் கீபோர்டு ஓசையை அகலமாகக் காட்ட வித்தை செய்தவற்றில், இரண்டு பக்கத்தையும் சேர்த்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒலி மெலிந்துபோகும். சில வாத்தியங்கள் காணாமலே போகும். அதை எழுதிய பிறகு என் தொகுப்பையே நேற்று உட்கார்ந்து சோதித்தேன். 9 உருப்படிகள் அப்படி இருந்தன. அவற்றுக்கு ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து எல்லாப் பெட்டிக்கும் விட்டால் போதும். தைக்கு முன் உங்கள் பட்டியல் முழுவதையும் மோனோவில் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

பெட்டிகளின் தூரமும் கவனிக்க வேண்டியது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. 20 மீட்டர் தள்ளி இருக்கும் பெட்டியின் ஓசை 58 மில்லிநொடி தாமதமாக வரும். அது காதுக்கு இரட்டையாகத் தெரியும். அதனால்தான் ஒவ்வொரு பெட்டியும் தன் தூணைச் சுற்றி மட்டும் கேட்கும் அளவுக்குத் தாழ்ந்திருக்க வேண்டும் என்கிறேன்.

09.01.2025

வேகம் பற்றி எழுதத் தயங்கிக்கொண்டிருந்தேன், ஏனெனில் இதில் நான் தவறு செய்திருக்கிறேன்.

ரொனால்ட் மில்லிமன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1986-இல் ஓர் உணவகத்தில் செய்த ஆய்வு நம் தொழிலில் பலருக்குத் தெரியும். மெதுவான இசை ஒலித்த இரவுகளில் வாடிக்கையாளர் சராசரியாக 56 நிமிடமும், வேகமான இசை ஒலித்த இரவுகளில் 45 நிமிடமும் உட்கார்ந்திருந்தார்கள். இதை எங்கோ படித்துவிட்டு, நம் பந்திக்கும் பயன்படுத்தலாம் என்று நினைத்தேன். முகூர்த்த நாளில் மூன்றாவது பந்திக்கு என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னாலேயே அடுத்தவர் வந்து நிற்பார். மேற்பார்வை பார்ப்பவர் கையைப் பிசைவார். ஒரு மண்டபத்தில் அவரே வந்து "கொஞ்சம் விறுவிறுப்பாகப் போடப்பா" என்றார். மாண்டலின் வேக உருப்படிகளாக நான்கை அடுத்தடுத்து வைத்தேன்.

பந்தி சீக்கிரம் முடிந்தது உண்மை. பரிமாறுபவர்களின் நடையும் அந்த வேகத்துக்கு மாறியதைக் கண்ணால் பார்த்தேன். அப்போது ஓர் ஆச்சி, தனியாக உட்கார்ந்திருந்தவர், பால் பணியாரம் அப்படியே இருக்க இலையை மடக்கிவிட்டு எழுந்தார். கை கழுவும் இடத்தில் பக்கத்தில் நின்றவரிடம், "என்னமோ ரயிலுக்குப் போகிற மாதிரி இருந்துச்சு" என்றார். நான் தண்ணீர் குடிக்கப் போனவன், கேட்டுக்கொண்டு நின்றேன். வந்தவரை, அதிலும் வயதானவரை, எழுப்பிவிடும் வேலையை அந்த வீட்டார் எனக்குக் கொடுக்கவில்லை. சோறு போடுகிற வீட்டின் பக்கம் நிற்க வேண்டிய நான், நாற்காலியை எண்ணுகிறவர் பக்கம் நின்றுவிட்டேன்.

இப்போது எந்தப் பந்திக்கும் நிமிடத்துக்கு 70 முதல் 90 தட்டுக்குள்தான் எடுக்கிறேன். கூட்டம் காத்திருந்தால் அவர்களுக்கு முகப்பில் தனியாக இசை வைக்கிறேன், அதுவும் உள்ளே இருப்பதை விடக் கவனத்தை ஈர்ப்பதாக. காத்திருப்பவர் அதைக் கேட்டு உட்கார்ந்துவிடுகிறார். நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பது குறைகிறது. முன்னே நான் சொன்ன குன்னக்குடி வயலின் அங்கேதான் பயன்படுகிறது.

ஒரு பந்தி 30 முதல் 40 நிமிடம் போகும். ஒரு பந்திக்கு ஒரு கோப்புறை வைத்துக்கொள்ளுங்கள். இலை எடுத்து மேசை துடைக்கும் இடைவேளையில் இசையை முழுவதும் நிறுத்துங்கள். அந்த மௌனத்துக்குப் பிறகு வருவது எதுவானாலும் அது புதிதாகக் கேட்கும்.

20.01.2025

நேற்றைய கல்யாணத்துக்குப் பிறகு, டிசம்பர் 24-ஆம் தேதி எழுதிய ஒன்றைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். குரல் வேண்டவே வேண்டாம் என்று எழுதியிருந்தேன்.

கோட்டையூரில் வீட்டுக் கல்யாணம். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு பேசப் போயிருந்தபோது மாப்பிள்ளையின் அப்பத்தா, உள்ளறை அலமாரியைத் திறந்து பழைய இசைத்தட்டுகளைக் காட்டினார். இந்தப் பக்கத்து வீடுகளில் அது அதிசயமில்லை, ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரே படத்துறைக்குப் போகுமுன் காரைக்குடியில் தந்தையின் கடையில் இசைத்தட்டு விற்றவர். பக்கத்துக்கு மூன்று நிமிடம் ஓடும் தட்டுகள். ஓட்டிப் பார்க்கப் பெட்டி இல்லை. உறையில் இருந்த பெயர்களை எழுதிக்கொண்டு வந்து, அதே கீர்த்தனைகளைப் பிற்காலத்தவர் வீணையிலும் குழலிலும் வாசித்த தெளிவான பதிவுகளாகத் தேடி எடுத்தேன். ஒன்றுக்கு மட்டும் வாத்தியப் பதிவு கிடைக்கவில்லை. ஒரு பெண் குரலில், பக்கவாத்தியம் அதிகமில்லாமல், நிதானமாகப் பாடியதுதான் கிடைத்தது. தயங்கித் தயங்கி அதை இரண்டாவது பந்தியின் நடுவில், மற்றவற்றை விடத் தாழ்ந்த ஒலியில் வைத்தேன்.

பந்தியில் பேச்சு நிற்கவில்லை. பரிமாறுபவரும் குனியவில்லை. தாளவாத்தியம் முன்னால் வராத, ஏற்ற இறக்கம் குறைந்த ஒரு குரல் பேச்சுக்கு நடுவே இன்னொரு பேச்சு போலவே போய்க்கொண்டிருந்தது. அப்பத்தா மட்டும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மருமகளிடம் ஏதோ சொன்னார். பிறகு அந்த மருமகள் வந்து, "ஆத்தா பொறந்த வீட்டுல இந்தத் தட்டு ஓடுமாம்" என்றார்.

ஆக, குரல் கூடாது என்பதை மாற்றி எழுதுகிறேன்: சொல்லும் தாளமும் முன்னால் வந்து நிற்கும் குரல் கூடாது. அது மட்டுமன்று, புதிய இசையை எங்கே தேடுவது என்ற உங்கள் முதல் கேள்விக்கு இதை விட நல்ல பதில் என்னிடம் இல்லை. கல்யாண வீட்டின் மூத்த ஆச்சியிடம், சின்ன வயதில் வீட்டில் என்ன பாட்டு ஓடும் என்று கேளுங்கள். அவர் சொல்லும் ஐந்து பெயர்களின் புதிய பதிவுகளைத் தேடுங்கள். அந்த வட்டத்தில் 60 ஆண்டுகளாக ஒலிக்காத ஒன்றை விடப் புதியது எது?

21.01.2025

உரிமம் பற்றிக் கேட்டவருக்கு: 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில், சமயச் சடங்குகளுக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களுக்கும் பதிவிசையை ஒலிக்க விலக்கு இருக்கிறது. நிறுவன விழா, கடை திறப்பு, விடுதி விருந்து ஆகியவை அதில் வரமாட்டா. அவற்றுக்கு உரிமம் வாங்க வேண்டும். எந்த விருந்தானாலும் இணையத்திலிருந்து நேரடியாக ஓட்டாதீர்கள். பதிவை விலைக்கு வாங்கிக் கையில் வையுங்கள். சமிக்ஞை போனால் இசை அறுந்துவிடும், சந்தா முடிந்திருந்தால் நடுவில் விளம்பரம் வரும். இரவு 10 மணிக்கு மேல் தெருப் பந்தலில் ஒலிபெருக்கிக்கு இடமில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

03.02.2025

நேற்றைய வேலை, மூன்று தலைமுறையாகப் பினாங்கில் இருந்துவிட்டுக் கல்யாணத்துக்கு மட்டும் ஊருக்கு வந்த குடும்பம். மேலே எழுதியபடி மூத்தவரிடம் கேட்டேன். கீர்த்தனை ஒன்றும் அவர் நினைவில் இல்லை. பினாங்கில் பிறந்து மலாய்ப் படங்களில் நடித்தும் பாடியும் இசையமைத்தும் புகழ்பெற்ற பி. ரம்லியின் பாட்டுகளைச் சொன்னார். அவற்றைக் கிதாரில் வாசித்த பதிவுகளைத் தேடி எடுத்து, வெளிநாட்டு உறவினர் உட்கார்ந்த பந்திக்கு வைத்தேன். செட்டிநாட்டு வளவில் கவுனி அரிசிக்கு நடுவே மலாய் மெட்டு பொருந்துமா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. பொருந்தியது. உள்ளூர்க்காரர்களுக்கு அது பெயர் தெரியாத இனிய கிதார். வந்தவர்களுக்குத் தங்கள் வீடு.

டிசம்பர் 24-ஆம் தேதி திரைப்பாடல் பற்றி எழுதியதையும் இதன்படி தளர்த்த வேண்டும். இவையும் திரைப்பாடல்களே. வரி மனத்தில் ஓடுவது குற்றமில்லை. 200 பேர் மனத்திலும் ஒரே வரி ஓடினால்தான் பந்தி சிதறுகிறது.

17.02.2025

தேவகோட்டைத் தம்பி எழுதியதைப் படித்தேன். கிளாரினெட் எடுபட்டது, வீணை சரியாகக் கேட்கவில்லை என்கிறீர்கள். வீணையின் கீழ்ஸ்தாயி, மின்விசிறி இரைச்சலில் மறைந்திருக்கும். அந்த மண்டபத்தின் பெரிய விசிறிகளுக்கு நேர் கீழே உள்ள பெட்டிகளை இரண்டு தூண் தள்ளி வைத்துப் பாருங்கள். ஒலியை ஏற்ற வேண்டாம்.

கடைசிப் பந்திக்கு என்ன போடுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். விருந்தினர் எல்லோரும் எழுந்த பிறகு சமையல்காரர்கள், பரிமாறியவர்கள், மேளக்காரர்கள், பந்தல்காரர்கள், நாம் எல்லோரும் உட்காரும் பந்தி அது. என் நோட்டில் அந்தப் பந்திக்குப் பட்டியல் கிடையாது. காலையிலிருந்து என் ஒலியைத் தம் காதால் அளந்து கொடுத்த பரிமாறுபவர்களிடமே கேட்பேன். நேற்று மூத்தவர் ஒருவர், "அண்ணே, குரலோட ஒரு பாட்டுப் போடுங்க, கொஞ்சம் சத்தமா" என்றார். எந்தப் பாட்டு என்று கேட்டு, தேடி எடுத்து, ஏற்றி வைத்துவிட்டு, அவருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன்.